யாரும் குடியேறாத குடியேற்றம்

ஸ்டுட்கார்ட்டில் பள்ளிக்கூட அட்லஸ் போடும் ஒரு பதிப்பகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். என் பெயர் கோவிந்தராஜன், ஊர் திருச்சி. கணினி ஆட்கள் தேவை என்று ஜெர்மனி கிரீன் கார்டு கொடுத்த காலத்தில், 2001-இல் வந்தவன். எங்கள் அட்லஸில் வரும் எழுபதாயிரம் ஊர், ஆறு, மலை, தீவுப் பெயர்களும் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. பெயர் சரியா தப்பா என்பது என் தலைவலி இல்லை. ஒரு பெயர் மாறினால் எத்தனை வரைபடத்தில் மாறவேண்டும், கடைசிப் பட்டியலில் எந்த எழுத்துக்குக் கீழே போகவேண்டும் என்பதோடு என் கவலை முடிந்தது.

சரியா தப்பா என்று பார்ப்பது கொறற்றி என்ற பெண். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவில் பிறந்து, பதினேழு வயதில் அகதியாக வந்து, இங்கேயே வரைபடக் கலையில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவர். நான் சேர்ந்தபோது அவருக்குப் பதினைந்து வருட அனுபவம். முதல் நாளே என்னை "அண்ணை" என்று கூப்பிட்டார். ஐந்து வயது மூத்தவன் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை, தலைமுடியைப் பார்த்திருப்பார்.

2009 அக்டோபரில் அவர் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் இருக்கும் தீவுக்கூட்டத்திலிருந்து, நோரீன் என்ற பெண் எழுதியிருந்தார். அந்தத் தீவுகளின் பூர்வகுடியான ஹைடா இனத்தவர். அங்கே ஒரு பள்ளியில் நூலகர். கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கும் மகளைப் பார்க்க வந்த இடத்தில், புத்தகக் கடையில் எங்கள் அட்லஸைப் புரட்டியிருக்கிறார்.

"உங்கள் வரைபடத்தில் எங்கள் தீவுகள் அழகாக இருக்கின்றன. மலைகளின் நிழல்கூடச் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் அதன் மேல் எழுதியிருப்பது ஒரு கப்பலின் பெயர். எங்கள் நாட்டின் பெயர் ஹைடா குவாய். மக்களின் தீவுகள் என்று அர்த்தம். நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை."

அவ்வளவுதான் கடிதம். இப்படி மாதத்துக்கு நாலு கடிதமாவது வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் தயாராக இருந்தது. 'நாங்கள் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வப் பெயரையே அச்சிடுகிறோம். உங்கள் அக்கறைக்கு நன்றி.' கொறற்றி கையெழுத்துப் போட்டால் தபாலுக்குப் போய்விடும். அந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் போகவில்லை. இரண்டு வாரம் மேசையிலேயே கிடந்தது.

"என்ன கொறற்றி, இதை இன்னும் க்ளோஸ் பண்ணலையா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. அட்லஸிலை இருக்கிற குயின் சார்லட் எண்டதை நான் ராணியின்ர பேரெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். இவ கப்பலின்ர பேரெண்டு எழுதியிருக்கிறா. உண்மையோ எண்டு பாக்கவேணும்."

அடுத்த வாரம் மாநில நூலகத்திலிருந்து மூன்று தடித்த புத்தகங்களோடு வந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம், கேன்டீனில் பருப்பும் ஸ்பெட்ஸ்லே என்ற முட்டை மாவு நூடுல்ஸும் ஆறிக்கொண்டிருக்க, அந்தத் தீவுகளின் கதையைச் சொன்னார். நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன். அவர் தட்டு அப்படியே இருந்தது.

1787-இல் ஒரு ஆங்கிலேய வியாபாரக் கப்பல் நீர்நாய்த் தோல் வாங்க அந்தப் பக்கம் போனது. கப்பலின் பெயர் குயின் சார்லட். கப்டன் கரையைப் பார்த்து வரைபடத்தில் தன் கப்பலின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டான். பிறகு அறுபது வருடத்துக்கு மேல் அந்தப் பெயர் கடதாசியில் மட்டும் இருந்தது. தீவில் ஹைடா மக்கள் தங்கள் பெரிய மர வீடுகளில், தங்கள் தலைவர்களோடு, ஐம்பது அறுபது பேர் ஏறக்கூடிய தோணிகள் செய்துகொண்டு இருந்தார்கள்.

"பிறகு 1851-இல தங்கம்," என்றார் கொறற்றி. "ஒரு ஹைடா ஆள் தோல் வியாபாரக் கொம்பனிக்காரரின்ர கோட்டைக்கு ஒரு தங்கக் கட்டியைக் கொண்டுபோய் கம்பளி வாங்கியிருக்கிறார். கொம்பனிக்காரருக்கு நித்திரை போயிட்டுது. உடனை ஒரு கப்பலை அனுப்பினவை."

"சரி, சுட்டுப் பிடிச்சிருப்பாங்க."

"அதுதான் இல்லை, கேளுங்கோ. மாலுமிகள் பாறையிலை துளை போட்டு, வெடிமருந்து வைச்சு, திரியைக் கொளுத்திப்போட்டு ஓடி ஒளிப்பினம். ஹைடா ஆக்கள் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டே இருப்பினம். வெடி வெடிச்சு, புகை அடங்க முந்தியே பாய்ஞ்சு போய்த் தங்கத்தைப் பொறுக்கிப்போடுவினம். மாலுமி வந்து பாத்தா வெறும் கல்லு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"மாலுமிகள் மல்லுக்கட்டிப் பாத்தவை. ஹைடா ஆக்கள் விடேல்லை. 'எங்கட பாறை. உடைச்சுத் தந்ததுக்கு நன்றி' எண்ட மாதிரி. கடைசியிலை கப்டன் ஏலாதெண்டு திரும்பிப் போயிட்டான். போற வழியிலை கப்பலும் உடைஞ்சுபோச்சு."

அதற்குள் செய்தி பரவி, கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்கக் கப்பல்கள் வரத் தொடங்கின. அமெரிக்கா பிடித்துக்கொள்ளுமோ என்று லண்டனுக்குப் பயம். அதனால் 1852-இல் ஒரு கடதாசியில் அந்தத் தீவுகளைத் தனிக் குடியேற்ற நாடாக அறிவித்தார்கள். பக்கத்துத் தீவில் இருந்த ஆளுநருக்கே இன்னொரு பட்டம் கொடுத்தார்கள். தங்கம் தோண்ட மாத அனுமதிக் கட்டணம் இவ்வளவு என்று விதி எழுதினார்கள். அங்கே இருந்த ஒரு மனிதரிடமும் எதையும் கேட்கவில்லை.

"இதிலை விசேஷம் என்னெண்டா அண்ணை, பத்துப் பதினொரு வருஷம் அது ஒரு நாடு. ஆனா ஒரு அரசாங்கக் கந்தோர் கட்டேல்லை. ஒரு நீதிபதி போகேல்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் போய்க் குடியேறேல்லை. குடியேறாத குடியேற்றம்! தங்கமும் பாறையிலை ஒரு சின்னக் கோடுதான், முடிஞ்சுபோச்சு. 1863-இல பக்கத்து நாட்டோட சேத்துப்போட்டு ஃபைலை மூடிட்டினம்."

"அப்போ ஜெயிச்சது அவங்கதானே?"

கொறற்றி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அதுக்கு முதல் வருஷம் அம்மை வந்தது. ஆளுநர் இருந்த பட்டணத்திலை தொடங்கினது. வியாபாரத்துக்கு வந்து அங்கை தங்கியிருந்த ஹைடா மாதிரி வடக்கு ஆக்களை பொலிசு அடிச்சுக் கலைச்சுது. குடிசையளைக் கொளுத்தினவை. நோயோடையே தோணியிலை வீட்டை போனவை. ஒவ்வொரு கிராமமாச் செத்தது. எத்தினை ஆயிரம் பேர் இருந்தவை எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. கடைசியிலை அறுநூறு பேரும் இல்லை. மிஞ்சினவை ரெண்டு கிராமத்திலை வந்து கூடினவை. அந்த மிச்ச ஆக்கள் காட்டையும் விடேல்லை, கடலையும் விடேல்லை, பேரையும் விடேல்லை."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது தெரியும். அன்று சொன்னது இதுதான்: "கொறற்றி, அந்தப் பேரை மாத்தினா நாலு மேப்புல எடிட் பண்ணணும். இன்டெக்ஸ்ல க்யூ-லேர்ந்து எச்-சுக்குப் போகும். டெட்லைன் டிசம்பர்."

"ஏழு வரைபடம், பன்ரண்டு இடம்," என்றார். "எண்ணிப்போட்டன்."

நவம்பர் கடைசியில் பெயர்க் கூட்டம் நடந்தது. புதிய பதிப்புக்கு முன்னால், மாற்றவேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும் கூட்டம். தலைமை ஆசிரியர் ஃபோல்மர் நடத்துவார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது அவருக்கு. நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. பச்சைப் பென்சிலால் அவர் கையெழுத்துப் போடாமல் உலகத்தில் ஒரு ஓடைகூட எங்கள் அட்லஸில் பெயர் மாறாது.

கொறற்றி எழுந்து நின்று தன் அன்ட்ராகை, அதாவது எழுத்து விண்ணப்பத்தை, வாசித்தார். கேன்டீனில் சொன்ன கதையை ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கி, ஆண்டுகளோடு சொன்னார். முடிவில் அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் ஹைடா குவாய், கீழே சிறிய எழுத்தில் அடைப்புக்குறிக்குள் பழைய பெயர்.

ஃபோல்மர் முழுவதும் கேட்டார்.

"கதை பிரமாதம். ஆனால் நாம் பெயர் வைப்பவர்கள் இல்லை, இருக்கும் பெயரைப் பதிவு செய்பவர்கள். கனடா மாற்றட்டும், நாமும் மாற்றுவோம்."

"அடைப்புக்குறிக்குள் இரண்டாவது பெயர் போட நம் விதியில் இடம் இருக்கிறது."

"இருக்கிறது. ஒன்றுக்குக் கொடுத்தால் ஆயிரம் வரும்." பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நீங்கள் பிறந்த தீவு நம் அட்லஸில் டெல்ஃப்ட் என்று இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தது. இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கம் உங்கள் கையால்தான் போகிறது. அதற்கு நீங்கள் ஒருமுறைகூட அன்ட்ராக் எழுதவில்லையே. ஏன்?"

அறையில் எட்டுப் பேர் இருந்தோம். கொறற்றி தன் காகிதங்களை நேராக அடுக்கினார். அந்த ஆண்டு மே மாதம் அவருடைய நாட்டில் போர் முடிந்திருந்தது. அந்த நாட்களில் அவர் தினமும் வேலைக்கு வந்தார், யாரோடும் பேசவில்லை, என்னோடும்தான்.

"பயம்," என்றார். "அந்தப் பக்கத்தில் நான் ஒரு எழுத்தைத் தொட்டால், இவள் தன் ஆட்களுக்காகச் செய்கிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று பயந்தேன். அதனால் அந்தப் பக்கத்தை மற்ற எல்லாப் பக்கத்தையும்விடக் குறைவாகத் தொட்டேன். அது சரியில்லை. இந்தக் கடிதம் எழுதிய பெண்ணுக்கு அந்தப் பயம் இல்லை. அறுநூறு பேராகக் குறைந்தவர்களின் வாரிசு, புத்தகக் கடையில் நின்றபடி, இது எங்கள் பெயர் இல்லை என்று நமக்கு எழுதுகிறார். மரியாதையாக எழுதுகிறார். நாம் என்ன நினைக்கிறோம் என்று கேட்கிறார். நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது."

ஃபோல்மர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"டெல்ஃப்டுக்குக் கீழே உங்கள் ஊர்ப் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அதற்கு இலங்கை அரசின் பதிவிலேயே ஆதாரம் இருக்கும், ஐந்து நிமிட வேலை. ஹைடா விஷயத்துக்கு அரசாங்கத்தின் ஒரு தாள் வேண்டும். டிசம்பர் பதினொன்று, வெள்ளி மதியம் அச்சகத்துக்குக் கோப்புகள் போகின்றன. அதற்குள் கொண்டுவாருங்கள்."

கொறற்றி அன்றே நோரீனுக்கு மின்னஞ்சல் எழுதினார். பதில் மறுநாளே வந்தது. மாகாண அரசுக்கும் ஹைடா மக்களுக்கும் இடையே ஒப்பந்தம் பேசி முடிந்துவிட்டது, பெயர் மாற்றமும் அதில் இருக்கிறது, டிசம்பரில் கையெழுத்தாகும் என்று நினைக்கிறோம், தேதி உறுதியில்லை என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: 'எங்கள் பெரியவர்கள் சாலையில் உட்கார்ந்து மரம் வெட்டும் வண்டிகளை மறித்தது 1985-இல். இன்னும் இரண்டு வாரம் எங்களுக்குப் பெரிதல்ல.'

"எங்களுக்குப் பெரிசு," என்றார் கொறற்றி, திரையைப் பார்த்து.

டிசம்பர் வந்தது. தாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது பின்னிரவு. பசிபிக் கரை எங்களுக்கு ஒன்பது மணி நேரம் பின்னால். கொறற்றி தன் மேசையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காததுதான் என்னைப் படுத்தியது.

அட்லஸ் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. பதினாறு பக்கம் கொண்ட பெரிய தாள்களாக அச்சாகிறது. வட அமெரிக்கா ஒன்பதாம் தாளில் இருந்தது, கடைசிப் பட்டியல் பதினாறாம் தாளில். பெயர் வரும் மற்ற இடங்களும், நல்ல காலம், அந்த இரண்டு தாள்களுக்குள்ளேயே இருந்தன. நான் அச்சகத்துக்குத் தொலைபேசி போட்டேன். எந்த வரிசையில் அச்சிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றிலிருந்து வரிசையாக என்றார்கள். ஒன்பதையும் பதினாறையும் கடைசியில் வைத்தால் என்ன ஆகும் என்றேன். ஒன்றும் ஆகாது, திங்கள் மதியத்துக்குள் வந்தால் போதும் என்றார் அங்கிருந்த பெண்மணி, ஏதோ கடையில் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டதுபோல.

நான் நேரே ஃபோல்மர் அறைக்குப் போனேன். அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். எட்டு வருடத்தில் நான் பெயர் விஷயமாக அந்த அறைக்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை.

"இது உங்கள் யோசனையா, அவருடையதா?"

"என்னுடையது. அவருக்குத் தெரியாது."

"திங்கள் பன்னிரண்டு மணி," என்றார். "ஒரு நிமிடம் கூடாது."

கொறற்றியிடம் வந்து சொன்னேன். அவர் எழுந்து, என் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய், காப்பி போட்டு வந்தார். "சீனி ரெண்டு கரண்டி போட்டிருக்கிறன் அண்ணை. இண்டைக்கு மட்டும்," என்றார்.

சனிக்கிழமை காலை நான் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"அண்ணை! கையெழுத்து வைச்சிட்டினம்! அரசாங்கத்தின்ர அறிவித்தலே வந்திட்டுது. ஹைடா குவாய் எண்டு அவையே எழுதியிருக்கினம்!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. காய்கறி விற்ற துருக்கிக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு தீவுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது என்றேன். அவர் வாழ்த்துச் சொல்லி இரண்டு எலுமிச்சம்பழம் கூடப் போட்டார். குழந்தை பிறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாரோ என்னவோ.

திங்கள் காலை ஃபோல்மர் அறிவிப்பை இரண்டு தடவை வாசித்தார். சட்டமன்றத்தில் நிறைவேற இன்னும் சில மாதம் ஆகும் என்று அதில் இருந்தது. "நம் அட்லஸ் வகுப்பறைக்குப் போவது செப்டம்பரில்," என்றார். "அப்போது இதுதான் பெயர். அடைப்புக்குறி பழையதற்கு." பச்சைப் பென்சிலை எடுத்தார்.

பன்னிரண்டு இடங்களையும் நானே மாற்றினேன். பதினொன்றரைக்குக் கோப்புகள் போய்ச் சேர்ந்தன. அந்தத் தீவுகள் வரைபடத்தில் குத்தூசி முனைபோல மேலிருந்து கீழே ஒடுங்கும். பழைய பெயர் நீளமாகக் கடலுக்குள் வழிந்து கிடந்தது. புதியது கரையோரமாகவே அடங்கியது.

அடுத்த ஜூன் மாதம் நோரீன் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கொறற்றி ஒலிபெருக்கியைப் போட்டு என்னையும் ஃபோல்மரையும் கூப்பிட்டார். சட்டம் நிறைவேறி, தீவில் விழா நடந்திருந்தது. அங்கே ஒரு பழைய தொழில் உண்டு: ஒரே தேவதாருப் பலகையை ஆவியில் வேகவைத்து, மூன்று மூலையில் மடக்கி, நான்காவதைச் சேர்த்துப் பெட்டி செய்வது. அப்படி ஒரு பெட்டிக்குள் குயின் சார்லட் என்ற பெயரை வைத்து, அரசின் பிரதிநிதியிடம் மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்கள் என்று நோரீன் சொன்னார்.

"திருப்பிக் கொடுத்தீர்களா?" என்றார் ஃபோல்மர். "அழிக்கவில்லையா?"

"நாங்கள் கேட்காமல் வந்த பரிசு அது," என்றது தொலைபேசி. "இருநூறு வருடம் எங்களிடம் இருந்தது. திருப்பித் தரும்போது நல்ல பெட்டியில் வைத்துத்தானே தரவேண்டும்?"

ஃபோல்மர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொறற்றி கையால் வாயை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்திருந்தது. எனக்கு அந்த மனிதர்களை நினைத்து வியப்பு அடங்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவனைச் சுடாமல் துரத்தினார்கள். அம்மை தின்றது போக மிஞ்சி நின்றார்கள். வெற்றி பெற்ற அன்றும் எதிரியின் பொருளைத் துணியில் சுற்றி எறியாமல், கைவேலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

புது அட்லஸ் வந்ததும், நோரீனின் பள்ளிக்கு முப்பது பிரதி அனுப்பச் சொன்னார் ஃபோல்மர். செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெயருக்கு மிகவும் நன்றி, பக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம் என்று தொடங்கியது. அடுத்த பத்தி இப்படி இருந்தது:

"ஆனால் எங்கள் கிராமத்தின் புள்ளியை நீரிணையின் தப்பான கரையில் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் வடக்குப் பக்கம். உங்கள் படத்தின்படி நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் படகில் வரவேண்டும். தயவுசெய்து திருத்தவும்."

நான் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகள் சொன்னது சரி. எத்தனையோ பதிப்பாக அந்தப் புள்ளி தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"எத்தனை மேப்புல?" என்று கேட்டேன்.

"மூண்டு," என்றார் கொறற்றி. அதற்குள் எண்ணி வைத்திருந்தார்.